கிளீனர் சீட்டுக்கு முன்னால் ஓர் ஓட்டை

காலையிலிருந்து வாசலில் துருவும் பழைய பெயிண்டும் கருகுகிற நாற்றம். நம் மகன் தகர வேலை செய்கிற ஒரு டிங்கரை அழைத்து வந்து, மூக்கு நீண்ட உன் பழைய லாரியின் கேபின் தரையை அறுக்க வைத்திருக்கிறான். நீ போன நாளிலிருந்து மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டி அது. ஒரகடத்துக் கம்பெனியில் நாளெல்லாம் புது வண்டிகளுக்கு நட்டு முடுக்குகிற பிள்ளைக்கு, லீவு நாளில் அப்பன் வண்டியை ஓட வைத்தே தீர வேண்டுமாம். உன் பிடிவாதம் அப்படியே வந்து வாய்த்திருக்கிறது.

நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். டிங்கர் கத்துவது கேட்டது.

“எந்த மடையன்யா புதுத் தகரம் போட்டு அதுல ஓட்டை போட்டவன்? மூடி வேற வச்சிக்கிறான். துரு பூரா இங்கேர்ந்துதான் கிளம்பிக்கீது.”

வெளியே போனேன். “அந்த மடையன் என் வூட்டுக்காரர்தான்” என்றேன். அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குக் கோபமே வரவில்லை. எத்தனை நாளைக்கப்புறம் உன்னை ஒருவர் வாய்விட்டுத் திட்டுகிறார்! நீ இருந்தவரை அது என் வேலையாக இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். நம் முதல் பிள்ளை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. நீ விடிந்ததும் செங்கல் லோடு ஏற்றிக்கொண்டு பட்டணம் போய்விடுவாய். எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிடுவேன். என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். “உன் பொண்டாட்டி தண்ணியையே பாத்துகினு குந்திகீறா” என்று நம் வடக்குப்பட்டில் யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். மறுநாள் லாரியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாய்.

“புடவைய மாத்திகினு வா. இனிமே நீயும் வர்ற.”

“லாரியில பொம்பளையா? ஊரே சிரிக்கும்யா.”

“சிரிச்சிட்டுப் போகட்டும்.”

சிரிக்கத்தான் செய்தார்கள். அதோடு என் வயிறு வேறு மானத்தை வாங்கியது. டீசல் வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். செம்பரம்பாக்கம் தாண்டும்போது ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். இடப்பக்கமாக முந்திக்கொண்டு வந்த பஸ் என் முடியை உரசாத குறையாகப் போனது. நீ ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாய். “என்னை வூட்டுலயே வுட்டுடுய்யா” என்றேன். நீ வண்டியைக் கிளப்பினாய்.

அந்த மழைக்காலத்தில் கேபின் தரை இற்றுப்போய் என் கால் கணுக்கால்வரை உள்ளே போனது. ஸ்ரீபெரும்புதூரில் டிங்கர் பட்டறைக்கு வண்டியை ஓட்டினாய். பழைய தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் பற்றவைத்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடும் அடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கிளீனர் சீட்டின் முன்னால், கால் வைக்கிற இடத்தில், ஓர் ஓட்டை போடச் சொன்னாய்.

“இன்னாய்யா, இப்பதான் ஓட்டைய அடைச்சேன். மறுபடி போடச் சொல்றியே, தலைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?” என்றார் பட்டறைக்காரர்.

“இவளுக்கு வண்டி ஏறுனா வாந்தி வரும். ஜன்னல்ல தலைய நீட்டுறா.”

“அப்போ வூட்டுல வுட்டுட்டு வாயேன்.”

“வுட மாட்டேன். நீ போடு.”

போட்டார். டப்பா மூடி ஒன்றைத் தேடி எடுத்து, கயிறு கட்டி, நீயே அதை மூடினாய்.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் நின்றபோது சைக்கிள்காரர் ஒருவர், “அண்ணே, வண்டியில ஏதோ ஒழுவுது” என்றார். நான் அப்போதுதான் மூடியைத் திறந்து, குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். “இன்ஜின் ஆயில்தான், ஒண்ணும் இல்லே” என்று நீ கூசாமல் சொன்னாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை போனபின் அன்றுதான் சிரித்தேன். கேட் திறந்தும் நீ வண்டியை எடுக்கவில்லை. பின்னால் அத்தனை பேர் ஹாரன் அடிக்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இன்றைக்கு மத்தியானம் புதுத் தகரம் வந்தது. “அம்மா, ஓட்டைய வுடணுமா, மூடிடவா?” என்று டிங்கர் கேட்டான்.

“இருக்கட்டும்மா, அப்பா நெனப்பா இருக்கும்” என்றான் மகன்.

“மூடிடு” என்றேன். “என்னைத் தனியா வுட மாட்டேன்னு போட்ட ஓட்டை அது. வுட்டுட்டுத்தான் போயிட்டாரே. இன்னும் எதுக்கு?”

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டான். அவனும் உன்னை இழந்தவன்தான். அவனிடம் போய் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். என் ஆத்திரமெல்லாம் உன்மேல்தான், வேறு யார்மேல் எனக்கு ஆத்திரப்பட உரிமை இருக்கிறது?

நாளைக்கு அவனுக்குக் காலை ஷிஃப்ட். தினமும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறான், “தனியா இருந்துப்பியாம்மா?” என்று. “இருந்துப்பேன், நீ போ” என்கிறேன். பாவம், அவனுக்கு வேலை இருக்கிறது. இந்தக் கேள்வியை நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காதவனிடமே சொல்கிறேன். என்னால் முடியவில்லைய்யா.