பைண்டிங் படிவத்தில் என் எடை

நவம்பர் 8
என் பழைய பைண்டிங்கைக் கடையில் தொடமாட்டார்களாம். பதினோரு வருடமாகப் பூட்ஸைப் பனிச்சறுக்கு ஸ்கீயோடு பிடித்து வைத்திருந்த சாமான். பழைய மாடல் என்று கம்பெனிக்காரன் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டானாம், அதனால் அங்கே வேலை பார்க்கும் லிண்டி அதில் ஸ்க்ரூடிரைவரே வைக்கமாட்டாளாம். பன்னிரண்டு வருடச் சிநேகிதி! "தாயே, தொட்டா என் வேலை போயிடும். புதுசு வாங்கு" என்கிறாள்.

ஜனவரி 18 போட்டி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறை. முப்பத்தெட்டு வயதில் பார்க்கில் பனி மேடுகளில் ஏறித் தாவுகிற பெண்கள் இந்த மலையில் நாலு பேர்தான். அதில் நான் இல்லாமல் போவதா?

நவம்பர் 11
புது பைண்டிங் கனமானதா, லேசானதா? என் வீட்டுக்காரன் கோல்பி இந்த மலையில் மீட்புக்குழு ஆள், உடைந்ததையே பார்த்துப் பார்த்துப் பழகியவன். "உலோகத்துல வாங்கு, ஆட்ரா. அடி தாங்கும்" என்கிறான். மலைமேல் ஏற்றும் நாற்காலி லிப்டில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆள், "சுத்தும்போது கனம் இழுக்கும்க்கா, லேசானதே போதும்" என்றான். நான் கேட்டேனா உன்னை?

நவம்பர் 12
பதினேழு வீடியோ. ஒரு எழவும் புரியவில்லை.

நவம்பர் 15
உலோகத்தையே வாங்கிவிட்டேன். அடுத்து படிவம். உயரம், வயது, எடை, எப்படி ஓட்டுவீர்கள் என்று. அதை வைத்துத்தான் பைண்டிங்கை எந்த எண்ணில் இறுக்குவது என்று பார்ப்பார்கள். எண் குறைந்தால் சும்மா இருக்கும்போதே ஸ்கீ கழன்றுவிடும். கூடினால் விழும்போதுகூட கழலாது, கால் முறுக்கிக்கொள்ளும். என் இடது முழங்கால் போனது அப்படித்தான்.

எடை: நூற்று நாற்பது பவுண்டு என்று எழுதினேன். நிஜ எடையை இங்கேகூட எழுதமாட்டேன். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறான், எனக்கு மானம் இல்லையா? லிண்டி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நிஜமாவா?" "நிஜமாதான்."

அட்டவணைப்படி ஐந்தரை. ஐந்தரை! முன்பு நான் பத்தில் ஓட்டியவள்.

நவம்பர் 30
சின்னத் தாவல்தான். இறங்கியதும் வலது ஸ்கீ தானாகக் கழன்றது. முகம் குப்புற விழுந்தேன். பள்ளிக்கூடப் பசங்கள் கைதட்டினார்கள். பல் தப்பியது. எல்லாம் அந்த அட்டவணையால் வந்த வினை.

டிசம்பர் 1
வண்டி நிறுத்துமிடத்தில் நானே ஸ்க்ரூடிரைவரால் திருகினேன். பதினொன்று. இந்தப் பார்க்கில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், எண்ணைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொள்கிறார்கள். கோல்பியிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்லணும்?

டிசம்பர் 13
பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். ஸ்கீ கழலவில்லை. முழங்காலுக்குள் ஏதோ இழுத்தது — ஐயோ, அதே இடம். எழுந்து நடந்தேன். நடக்க முடிகிறது. முடிகிறதுதானே?

வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கோல்பி வந்தான். ஐஸைப் பார்த்தான். நேரே வாசலுக்குப் போய் ஸ்கீயைத் தூக்கிப் பைண்டிங்கில் இருக்கும் எண்ணைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஒம்பது மாசம் உன்னைத் தூக்கிட்டுப் போய் டாய்லெட்ல உட்கார வெச்சேன். அப்ப சலிச்சுக்கல. ஆனா இதை நீயே திருகி வெச்சிருக்கே. இதுக்கு என்னால முடியாது, ஆட்ரா."

படுத்துவிட்டான். எனக்கு அவன்மேல்தான் கோபம். ஏன் அவன்மேல்?

டிசம்பர் 15
எலும்பு டாக்டர் அசைத்துப் பார்த்தார். சுளுக்குதானாம். பத்து நாள் ஓய்வு. அங்கிருந்து நேரே லிண்டி கடைக்குப் போய், "இன்னொரு படிவம் குடு" என்றேன். கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். அவள் படித்துவிட்டு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, இதை அன்னிக்கே எழுதியிருந்தா அன்னிக்கே ஏழு வெச்சுக் குடுத்திருப்பேனே. அந்தத் தாவல்ல கழன்றிருக்காது. பதினொண்ணும் தேவைப்பட்டிருக்காது."

அட்டவணைமேல் தப்பே இல்லை. ஒரு மாதம் நான் திட்டாத ஆள் இல்லை. திட்டாமல் விட்டது என்னை மட்டும்.

லிண்டி ஏழுக்கு மாற்றிக் கொடுத்த எண்ணைக் கோல்பியிடம் காட்டினேன். "ம்" என்றான்.

ஜனவரி 18
மூன்றாவது தாவலில் சுற்று முடியவில்லை. போன மாதம் விழுந்த மாதிரியே பின்பக்கமாக விழுந்தேன். டக் என்று ஒரு சத்தம். முழங்காலோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்கீ. கழன்று பத்தடி தள்ளிக் கிடந்தது.

இன்று கீழே வேலையில் இருந்த கோல்பி ஓடி வந்து முதலில் முழங்காலைத்தான் பிடித்தான். "வலிக்குதா?" "இல்ல." "பொய் சொல்லாதே." "இல்லடா, நிஜமாவே இல்ல." ஸ்கீயை எடுத்து வரும்போது மறுபக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

நாலு பேரில் நாலாவது இடம். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடப் படிவத்துக்கு இப்போதே எழுதி வைக்கிறேன்: நூற்று அறுபத்தாறு பவுண்டு. காலையில் தின்ற பர்ரிட்டோவையும் சேர்த்து.