பெட்டிக்குள் ஓடாத விசிறி

அண்ணே,

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி விடலாம் என்று மேஜையின் அடி இழுப்பறையை உருவினேன். பழைய மவுஸ்கள், அறுந்த ஒயர்கள், எதிலிருந்து கழன்றது என்றே தெரியாத திருகாணிகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஃபேன் கிடந்தது. கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற ஃபேன்தான், ஆனால் பெரியது, விரித்த உள்ளங்கை அகலம். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவேயில்லை. உறைமேல் என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: ‘வில்லாபுரம் மைக் அண்ணன். அவசரம்.’

அவசரம் என்று எழுதிய ஆள் அதை ஆறு வருஷம் இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கினேன். அந்த ஃபேனுக்கு மட்டும் வைக்கக் கை வரவில்லை. ஆயுதம் என்றால் ஒரு நாளாவது வேலை செய்திருக்க வேண்டும் இல்லையா.

உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பதால்தான் எழுதவே வருகிறது. அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் முதல் தடவை என் கடைக்கு வந்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். தெற்கு மதுரையில் அந்தக் குரலைத் தெரியாதவர் யார்? ஜவுளிக்கடை திறப்பு விழாவா, கட்சிக் கூட்டமா, கோயில் திருவிழாவில் பிள்ளை காணாமல் போய்விட்டதா, ஜீப்பின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு நீங்கள்தான் வருவீர்கள். வீட்டுக்குள் உங்கள் மனைவியோடு, எனக்கு அக்கா, நீங்கள் பேசுவது சௌராஷ்டிரம். மைக்கைப் பிடித்துவிட்டால் தமிழ் அப்படிக் கணீரென்று விழும். அன்றைக்கு அந்தக் குரலில் லேசாகக் கரகரப்பு இருந்தது.

“தொண்டையில கட்டியாம் மாப்ள. குரல்வளைய எடுத்தாத்தான் ஆளு தங்கும்னுட்டாரு டாக்டரு. அடுத்த மாசம் ஆபரேசன்” என்றீர்கள். ஏதோ ஜீப்புக்கு டயர் மாற்றப் போகிற மாதிரி சொன்னீர்கள். 

பிறகு கையில் இருந்த நோட்டைப் பிரித்துக் காட்டினீர்கள். இருநூறு பக்க நோட்டு. கிழமைகள், மாதங்கள், தேதிகள், காலை மாலை மணிக்கணக்கு. அலைகடலெனத் திரண்டு வாரீர். சிவப்புச் சட்டை அணிந்த நான்கு வயதுச் சிறுவன். பெற்றோர் மேடையின் பின்புறம் காத்திருக்கிறார்கள். அப்புறம் கொட்டாம்பட்டியிலிருந்து பேரையூர் வரைக்கும் ஊர்ப்பெயர்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு சொல்லாகப் பேசிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். குரல் போன பிறகு வேண்டிய சொற்களை எடுத்து ஒட்டி, புதிய அறிவிப்பாகச் செய்து ஜீப்பில் போட்டுக்கொள்ளலாம். ஆள் ஊமையானாலும் தொழில் ஊமையாகாது. அதுதான் உங்கள் கணக்கு.

ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் எதிரில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். எதற்கென்று கேட்டேன். “ஊருபேரு நடுவுல வந்தா ஒரு ராகம், கடைசில வந்தா ஒரு ராகம்ல. ரெண்டையும் பேசி வச்சுக்கிட்டாத்தான் ஒட்டுனது தெரியாது” என்றீர்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று அசந்துபோனேன்.

நானே பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, உங்கள் வீட்டு மாடி அறையில் கொண்டுவந்து வைத்தேன். முதல் பதிவைப் போட்டுக் கேட்டதும் உங்கள் முகம் சுருங்கியது. “என்ன மாப்ள, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலயும் மாவு மில்லு ஓடுது?”

உண்மைதான். சின்ன ஃபேன்கள் வேகமாகச் சுற்றுகிற இரைச்சல் முழுவதும் மைக்கில் ஏறியிருந்தது. சாதாரணப் பேச்சென்றால் அது போகட்டும் என்று விட்டுவிடலாம். சொற்களை வெட்டி ஒட்டும்போது இரைச்சலும் சேர்ந்து வெட்டுப்பட்டு விட்டுவிட்டுக் கேட்கும். நீங்கள் சொல்லித்தான் அதுவே எனக்கு உறைத்தது.

முதல் இரண்டு நாள் நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே காற்றை மறித்துக்கொண்டு தொங்கிய பட்டை ஒயர்களை மடித்துக் கட்டினேன். பின்பக்கம் ஃபேனை மூடியிருந்த தகரச் சல்லடையை வெட்டி எடுத்தேன். காற்று அதில் மோதித்தான் விசில் அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூபை நறுக்கி ஃபேனுக்கும் தகரத்துக்கும் நடுவில் கொடுத்தேன், அதிர்வு குறைந்தது. மாவு மில் தையல் மிஷின் அளவுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்க ஒரு பெரிய ஃபேன் வேண்டும். இறக்கை பெரிதானால் மெதுவாகச் சுற்றினாலும் போதிய காற்று வரும், சத்தம் வராது. மதுரையில் தேடினேன், கிடைக்கவில்லை. சென்னைக்குச் சொல்லிவிட்டேன். வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

ஒரு வாரம் பொறுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆபரேஷனுக்கு இருபத்தைந்து நாள்தான் இருந்தது, நீங்கள் தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. என்னால் முடியவில்லை என்று உங்கள் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. மதுரையிலேயே சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று கடையில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. உள்ளிருந்ததைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஒட்டி, கம்ப்யூட்டரை அதற்குள் வைத்து மூடினேன். காற்றுக்கென்று பின்னால் இரண்டு ஓட்டை போட்டேன். ஓட்டை வழியாகச் சத்தம் கசிந்தது. ஓட்டைக்குள்ளும் ஸ்பாஞ்சைத் திணித்தேன். அப்புறமும் மெல்லிய ஒரு ரீங்காரம் இருந்தது. நீங்கள் காபி குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், ஹார்ட் டிஸ்குக்கு முன்னால் ஓடிய ஃபேனின் ஒயரையும், பின்னால் சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேனின் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். பிடுங்கி, அவை வெளியே தெரியாமல் மடித்துச் செருகினேன். தெரியாமல் செய்த தப்பு இல்லை அண்ணே. மடித்துச் செருகியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் மேலே வந்தீர்கள். பதிவு பொத்தானை அமுக்கினேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு. ஞாயிற்றுக்கிழமை. பேரையூர்” என்றீர்கள். பிறகு பெட்டியைச் சுற்றி வந்து மேலே கையை வைத்துப் பார்த்தீர்கள். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“ஆம்ப்ளிஃபயரையே நாங்க மூடி வைக்க மாட்டோம் மாப்ள. திருவிழாவுல அதுக்குன்னு தனியா டேபிள் ஃபேன் வச்சு விடுவோம். இது சூடு தாங்குமா?”

“உள்ள பெரிய ஃபேன் ஓடுதுண்ணே. காத்துக்கு வழி விட்டுருக்கேன். நீங்க தைரியமாப் பேசுங்க.”

நீங்கள் நம்பினீர்கள். சந்தோஷத்தில் படிப் பக்கம் திரும்பி அக்காவை உங்கள் மொழியில் கூப்பிட்டீர்கள். எனக்குப் புரிந்த அளவில், ‘மேலே வா, எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று வந்து கேள்’ என்று அர்த்தம். அப்புறம்தான் நான் பதிவை நிறுத்தினேன். சின்னப் பதிவு, ஒரு ஃப்ளாப்பியில் அடங்கியது. கடைக்கு எடுத்துப்போய் சிடியில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ‘பாருங்கள், நம்ம வேலை’ என்று போட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வேலை செய்த விதத்தை நினைத்தால் சாப்பாடு இறங்காது. சித்திரை மாதம். தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மைக்கில் ஏறும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, துண்டால் துடைத்துத் துடைத்து நோட்டின் கடைசிப் பக்கம் வரைக்கும் பேசி முடித்தீர்கள். அறைக்குள் வெந்தது நீங்கள், பெட்டிக்குள் வெந்தது உங்கள் சொற்கள். நடுவில் ஒரு நாள் போன் செய்து, “ஒறையப் பிரிச்ச புது பொம்ம மாதிரி ஒரு வாடை வருதே மாப்ள” என்றீர்கள். “ஸ்பாஞ்ச் புதுசுண்ணே, போகப் போகச் சரியாயிரும்” என்றேன். அந்தப் பெரிய ஃபேன் பார்சலில் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஒரு கல்லூரிக்கு முப்பது கம்ப்யூட்டர் கட்டுகிற வேலை கிடைத்திருந்தது எனக்கு. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். சிடி ரைட்டரைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதும் அந்த நாளைக்குக் கணக்கிலேயே போனது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, முதல் அறிவிப்பை ஒட்டலாம் என்று நீங்கள் பெட்டியைப் போட்டபோது அது கிளம்பவில்லை. அக்காதான் போன் செய்தார். வந்து மூடியைத் திறந்தேன். ஸ்பாஞ்ச் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது. ஹார்ட் டிஸ்க் டிக், டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. பிடுங்கிய இரண்டு ஒயரும் செருகிய இடத்தில் அப்படியே இருந்தன. முதல் வேலையாக, உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவற்றைத் திரும்ப மாட்டினேன்.

“கரண்டு ஏறி எறங்குனதுல டிஸ்க் போயிருச்சுண்ணே. ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன்.

கழுத்தில் துணி கட்டியிருந்தீர்கள். அதே நோட்டின் பின் அட்டையில் எழுதிக் காட்டினீர்கள்: ‘நீ அன்னைக்கே ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்ன. நாங்கதான் வாங்கல. உன் மேல தப்பு இல்ல.’ பக்கத்தில் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெபிலைசர் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னது அவர்தான். நான் தலையை ஆட்டினேன். அந்த நோட்டைப் படித்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்!

சென்னையில் செத்த டிஸ்கைத் திறந்து உள்ளிருப்பதை மீட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையும் உங்களிடம் சொல்லவில்லை. திறந்து பார்க்கிறவர் சூட்டில் போனது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார் என்கிற பயம். அனுப்பியிருந்தால் பாதிச் சொற்களாவது கிடைத்திருக்குமோ என்னவோ.

அப்புறம் உங்களை ஜீப்பில் பார்ப்பேன். வேறொருவர் மைக்கைப் பிடித்திருப்பார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிய தாளை அவருக்குப் பிடித்துக்கொண்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று தொடையில் தட்டிக் காட்டுவீர்கள். என்னைக் கண்டால் கையைத் தூக்குவீர்கள். நான் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிடுவேன். மூன்று வருஷம் அப்படியே போனது. நீங்கள் போன செய்தியையும் அதே ஜீப்தான் தெருத்தெருவாகச் சொன்னது, யாரோ ஒருவருடைய குரலில். எடுக்கும்போது வந்திருந்தேன். தெருமுனையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இழுப்பறையை உருவிய அன்று, ஃபேனுக்கும் கீழே, கடையில் போட்டுக் காட்டிய அந்தச் சிடி கிடந்தது. போட்டுப் பார்த்தேன், ஓடியது. உங்கள் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றில்தான் என்று தோன்றியதும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கொடுத்தால் நான் சொன்ன பதிலும் கூடவே போகும். வெட்டுவது, ஒட்டுவது எனக்குப் பழக்கமான வேலைதானே. உங்கள் கேள்விக்கும், நீங்கள் அக்காவைக் கூப்பிடுவதற்கும் நடுவில் இருந்த என் பேச்சை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் புதுச் சிடியில் போட்டுக்கொண்டு நேற்று வில்லாபுரம் போனேன்.

அக்கா என்னைக் கோபிக்கவே இல்லை, காபி போட்டுக் கொடுத்தார். எதிர்வீட்டுப் பெண்ணின் கம்ப்யூட்டரில் வைத்துக் கேட்டோம். உங்கள் குரல் வந்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நீங்கள் அவரைக் கூப்பிடுகிற இடம் வந்ததும், கூப்பிட்ட மொழியிலேயே பதில் சொன்னார். ‘இதோ வருகிறேன்’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சூடு தாங்குமான்னு கேக்குறாரே தம்பி. நீங்க என்ன பதில் சொன்னீங்க? ஒண்ணும் கேக்கலையே?”

“சும்மா தலையாட்டியிருப்பேன்க்கா.”

“நீங்க நல்லாத்தான் பண்ணிக் குடுத்தீங்க. நான் பாவி, அந்த ஸ்டெபிலைசர வாங்க விட்டுருக்கணும். அம்புட்டுப் பேச்சும் என்னாலதான் போச்சு. இன்னைக்கு வரைக்கும் நெஞ்ச அறுக்குது” என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும் அண்ணே. வாய் வரைக்கும் வந்தது. காபித் தம்ளரைக் கழுவி வைக்கிற சாக்கில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் குரலைக் கொன்றது போதாதென்று, அந்தப் பழியை ஆறு வருஷமாக அக்காவின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுத ஆசைதான். என்னுடைய நாளைக்கு எப்படிப்பட்டது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

வெட்டி எடுத்த துண்டை அழிக்கவில்லை. சட்டைப் பையில் ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஐந்து விநாடிதான். கடையை மூடிவிட்டு இப்போதும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். பின்னால் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை அண்ணே. ‘உள்ள பெரிய ஃபேன் ஓடுதுண்ணே’ என்று நான் சொல்வது அம்புட்டுச் சுத்தமாகக் கேட்கிறது.