ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

அன்புள்ள மகன் கிதிஞ்சிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், உன் பெண்டாட்டி முகுரே, பிள்ளைகள் இருவர், நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். தோஹாவில் அந்த வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், கோபத்திலும் அதை மட்டும் விடவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ எட்டு வார்த்தை பேசுவாய், பதில் சொல்ல முடியாவிட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன்னோடு வேலை பார்க்கும் முரெய்த்தி லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் எதிரிலிருந்து நகரக்கூடாது என்று அவனிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜோஸ்காவில் வீடு பார்த்துவிட்டு வா என்று ஜனவரியில் நீ என்னை அனுப்பினாய். வீடு விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் விடுவார்கள், ஆராதனை முடிந்து எல்லோருக்கும் ஒழிவது அன்றைக்குத்தானே. நானும் மாதர் சங்கத்துத் தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் அப்படியே ஏறினேன். கையில் ஒரு சோடா கொடுத்தார்கள், எண்ணெயில் பொரித்த மண்டாசி ஒன்று சுடச்சுடக் கொடுத்தார்கள், பஸ்ஸில் போதகர் ஒருவர் வேறு, புறப்படும்போது ஜெபம், வழியெல்லாம் பாட்டு. நைரோபியிலிருந்து நாற்பது நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன், முப்பத்தெட்டு நிமிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ரோடு துடைத்து வைத்தமாதிரி காலி. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது, மண் கல்லாகக் கிடந்தது. வீட்டில் டைல்ஸ் என்ன, மூன்று அறை என்ன, திறந்தவுடன் தண்ணீர் கொட்டுகிற குழாய் என்ன. நான் அங்கிருந்தே உனக்குப் போன் போட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, டவுனு பக்கந்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுக் கிரயம் செய்துகொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தாய், நைரோபிக்குள்ளேயே உமோஜாவில் நிம்மதியாக இருந்த குடித்தனத்தைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து இறக்கினாய். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கு வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிற புத்தி நமக்குத்தான் வரும். இந்த ரோடு நாளைக் காலையில் எப்படி இருக்கும் என்று அந்தப் போதகரை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

இனி உன்னிடம் வருகிறேன். தலைச்சன் பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயர் என்பது நம் வழக்கம், அதன்படி உன் மகளுக்கு ஞாவிரா என்று என் பெயரை வைத்தாய். தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையில்லை என்று அவளையும் அம்மா என்றே அழைக்கிறாய். வீடியோவில் "எங்கம்மா சாப்ட்டாளா, எங்கம்மா இன்னைக்கு என்ன வரைஞ்சா" என்று நீ கொஞ்சும்போது எனக்கே கண் கலங்கும். அப்படியானால் உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேள். உன் அம்மாவுக்கு ஆறு வயது. ராத்திரியே உடம்பு கழுவி, பள்ளிக்கூடச் சீருடையைப் போட்டுக்கொண்டு, காலுறையோடு படுக்கிறாள், ஏனென்றால் காலையில் மாற்ற நேரம் கிடையாது. நாலரை மணிக்கு அவளை யாரும் எழுப்புவதில்லை, மூட்டையைத் தூக்குகிறமாதிரி தூக்குகிறார்கள். கண் திறக்காமலே கஞ்சி குடிக்கிறாள், பாதி வாயில், பாதி சட்டையில். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நைரோபிப் பள்ளிக்கூடத்து வேன் வந்துவிடும், அந்த வழியில் ஏறுகிற முதல் பிள்ளை அவள்தான், அதனால் சாயங்காலம் இறங்குகிற கடைசிப் பிள்ளையும் அவள்தான். பள்ளிக்கூடத்தையாவது மாற்றலாம் என்று முகுரே சொன்னதற்கு, நீச்சல் குளம் இருக்கிற பள்ளிக்கூடம், விடக்கூடாது என்றாயாம். வேலைக்காரப் பெண் சொல்லாமல் ஓடிப்போய், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் நம் ஊர் கராட்டினாவிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. உன் மகள் சிரித்து விளையாடி நான் பார்த்தது சனிக்கிழமை மதியங்களில்தான். மற்ற நேரமெல்லாம் தூங்கி விழுகிறாள், சாப்பாட்டுத் தட்டில், கக்கூஸில், ஷூ கழற்ற உட்கார்ந்த இடத்தில். இதை உன்னைப் பெற்ற எனக்குச் செய்வாயா? என் பெயரை வைத்து அவளுக்குச் செய்கிறாய்.

உன் பெண்டாட்டி சமாச்சாரத்தையும் கேட்டுக்கொள், அவளாகச் சொல்லமாட்டாள். ஏப்ரலில் மழை பிடித்ததும் அந்தக் கல்லு மண் தன் புத்தியைக் காட்டிவிட்டது, அத்தனையும் கரிசல், கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கிறது. முகுரே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற செருப்பைப் பையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்கிறாள், அங்கே ஒரு பெட்டிக்கடைக்காரி வருகிறவர்கள் பூட்ஸையெல்லாம் வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டு காசு பார்க்கிறாள், இந்த ஊரில் அவள் ஒருத்திதான் சந்தோஷமாக இருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நானும் முகுரேயோடு மட்டாட்டு மினிபஸ்ஸில் ஏறினேன், பார்த்துவிடலாம் என்றுதான். எங்கே பார்த்தாலும் வண்டி, நகர்ந்தால் ஒரு முழம், நின்றால் கால் மணி. வண்டி எப்போது போய்ச் சேரும் என்று கண்டக்டரை நான் கேட்டால், "ஆத்தா, கால நீட்டி உக்காரு, நாம எறங்குறதுக்குள்ள உன் முதுகுல இருக்கிறவனுக்கு மீசை மொளச்சிடும்" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். முப்பத்தெட்டு நிமிட வழிக்கு இரண்டே முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு அவள் திரும்பவும் அதே வழியில் வந்து சேர ராத்திரி எட்டரை, ஒன்பது. என் மகனிடம் நீ ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவளைத் திட்டினேன். "அவரு அங்க வெயில்ல கஷ்டப்பட்டு அனுப்புறாரு, நான் போயித் தூக்கம் போதலன்னு சொன்னா நல்லாவா இருக்கும் அத்தை" என்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, உன்னை ஓங்கி ஓர் அறை அறையவும் தோன்றியது.

அதன் பிறகு வந்த மூன்று வாரமும் நான் சும்மா இருக்கவில்லை, வேறு வீடு தேடினேன். ஞாயிறு சாயங்காலமே கைப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ருயிருவுக்கோ கிதுராய்க்கோ போய், யாராவது மாதர் சங்கத்து வீட்டில் படுத்து, திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு எல்லோரையும்போல வண்டிக்கு முண்டியடித்துப் பார்த்தேன். ருயிருவில் வீடு நல்ல வீடு, ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். கிதுராயில் வண்டியில் ஏறுவதற்கே குஸ்தி போட வேண்டும். மூன்றாவதாகக் கஹாவா. அங்கே ஐம்பது நிமிடத்தில் முகுரேயின் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். வீடு இரண்டே அறை, கீழே மாவு மில், ஆனால் பள்ளிக்கூடம் நடந்தால் பத்து நிமிடம், வாடகை ஜோஸ்காவைவிடக் கொஞ்சம் குறைவுதான். உன்னிடம் சொன்னேனே, நீ என்ன சொன்னாய்? "ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கங்கம்மா, அகல ரோடு வரப்போகுது, அப்புறம் அந்த வீட்டு மதிப்பே வேற" என்றாய். அந்த ரோடு வரும்வரைக்கும் அவள் ஆறு வயதிலேயே நிற்பாளா? அதோடு விட்டாயா, "மாவு மில்லு மேல என் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றாய். அந்த நாலு பேரில் ஒருத்தரும் நாலரை மணிக்கு வந்து உன் பெண்ணைத் தூக்கி உட்கார வைக்கவில்லை.

வேன் விஷயத்தை முகுரே உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள், நீ பயப்படுவாய் என்று. முழுவதையும் நான் சொல்கிறேன், பயப்படு. போன செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு வேன் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது, பிள்ளைகள் இறங்கின, டிரைவர் எண்ணிப் பார்க்கவில்லை. இவள் கடைசி சீட்டில் பைகளுக்கு நடுவில் ஸ்வெட்டரைத் தலையோடு போர்த்திக்கொண்டு அசந்து தூங்குகிறாள். அவன் வண்டியைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப் வாசலில் வெயிலில் பூட்டிவிட்டுப் போய்விட்டான். பத்தேகாலுக்கு வண்டி கழுவ வந்த பெண்பிள்ளை கதவைத் திறந்து அலறியிருக்கிறாள். உடம்பெல்லாம் வேர்த்து, தலைமுடி ஒட்டி, உதடு காய்ந்து கிடந்தாளாம். ஒரு ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருந்தது, அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் இப்படி எழுதுகிறேன், வேறுமாதிரி எழுதவில்லை. நீ அதைக் கேட்டுவிட்டு டிரைவர் மேல் புகார் கொடுக்கச் சொன்னாய். கொடுத்தோம், அவனை நிறுத்தியும்விட்டார்கள். ஆனால் அவளை அங்கே படுக்க வைத்தது டிரைவர் இல்லை, நீயும் நானும். அன்றைக்குச் சாயங்காலம் அவளை மடியில் போட்டுக்கொண்டு பயந்துவிட்டாயா கண்ணு என்று கேட்டேன். "இல்ல பாட்டி, இன்னைக்கு யாருமே என்னை எழுப்பல, ரொம்ப நேரம் தூங்குனேன், நாளைக்கும் அங்கயே இருக்கட்டுமா" என்று கேட்டாள்.

அதனால் உன்னைக் கேட்காமல் சனிக்கிழமை கஹாவாவுக்கு வந்துவிட்டோம். வீட்டுக் கம்பெனியில் போய் நானே சாவியைக் கொடுத்தேன், முன்பணத்தில் பாதிதான் திரும்பும் என்றார்கள், சரி என்றேன். கிரயப் பத்திரத்தில் முகுரே கையெழுத்துப் போடமாட்டாள், நான் போடாதே என்று சொல்லியிருக்கிறேன், அவள் மேல் கோபப்படாதே, படுவதென்றால் என் மேல் படு. வீடு சின்னதுதான். மில் ஓடுகிற நேரம் தட்டுமுட்டெல்லாம் ஆடுகிறது, சோள மாவு வாசனை துணியில் ஏறுகிறது. நீச்சல் குளம் இல்லை. ஆனால் நேற்று முகுரே ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்து கைப்பிள்ளைக்குத் தானே கஞ்சி ஊட்டினாள்.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். புதுப் பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத்தான், தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஏழு மணிக்கு அவளாகக் கண் விழித்தாள். ஜன்னலில் வெயிலைப் பார்த்தாள், திங்கட்கிழமை என்று தெரிந்தது, துள்ளி எழுந்து வேன் போய்விட்டது, வேன் போய்விட்டது என்று அழ ஆரம்பித்தாள். இனி வேனே கிடையாது என்று முகுரே கட்டிப்பிடித்து எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கதவண்டை போய் நின்றாள்.

கர்த்தர் உன் கையையும் காலையும் காக்கட்டும், லிப்ட் வேலைக்கு உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காதே, தண்ணீர் நிறையக் குடி. என் கோபம் தீர்ந்ததும் நல்லவிதமாக ஒரு கடிதம் எழுதுகிறேன், இப்போது வராது. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் விடியுமுன்னே போன் அடிக்காதே, காலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடு. உன் அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள்.

உன்னைப் பெற்றவள்,
ஞாவிரா