முகத்துக்கு விட்ட இடம்

செட்டிபாளையம்
21.11.2010

என் அன்பு மகன் உதயரூபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். களுதாவளைப் பிள்ளையார் கைவிடாததால் நானும் அப்பாவும் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகள் கஜானியும் அவள் வயிற்றில் இருக்கும் குஞ்சும் ஒரு நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இங்கே மழை விட்டபாடில்லை. கடலை நம்பி இனி இருக்கவே கூடாது என்று சுனாமிக்குப் பிறகு வாவிப் பக்கம் வந்து குடியேறினோம், இப்போது வாவித் தண்ணீர் கிணற்றடி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது, எங்கே போய்த்தான் இருப்பது சொல்லு. வயல் வட்டையில் விதைத்ததெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிறது, மாமா நல்லரத்தினத்தின் வயலும் அப்படித்தான். எனக்கு முழங்கால் குளிருக்கு மடங்க மாட்டேன் என்கிறது. கஜானிக்கு ஏழாம் மாதம் அல்லவா, அந்தப் பனியில் வழுக்கி விழுந்துவிடாமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போ, வெட்கப்படாதே. பிள்ளைப்பேற்றுச் சரக்கு வறுத்து இடித்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புவேன்.

போன கிழமை தொலைபேசியில் அப்பா உன்னிடம் ஒன்று கேட்டார். நீ அந்த நாட்டுக்குப் போய் அகதியாகப் பதிந்தபோது எடுத்த சின்னப் படம், இருபது வயதில் நீ இருந்த முகம், அதை அனுப்பு மகனே என்று. நீயும் உடனே ஓம் என்று சொல்லிவிட்டாய். அனுப்பாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அந்த மனிசன் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார், நான் என்ன செய்ய. எதற்குப் படம் என்று நீ கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. நான் சொல்கிறேன், கேள்.

உன் தம்பி மதுரன் வன்னியில் காணாமல் போய் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யுத்தம் முடிந்தது என்று ஊரெல்லாம் கொடி தொங்கிய நாளில் இருந்து நானும் அப்பாவும் ஏறி இறங்காத கந்தோர் இல்லை, எங்கே போனாலும் முதலில் கேட்பது படம்தான். படத்துக்கு எங்கே போவேன். உங்கள் இரண்டு பேருடைய படங்களையும் அலுமாரியோடு கடல் கொண்டுபோயிற்று. பிறகு சுனாமி முகாமில் இருந்தபோது வெள்ளைக்காரர் வந்து அவனைச் சாப்பாட்டு வரிசையில் வைத்துப் படம் எடுத்தார்கள், அது இப்போது எந்த நாட்டில் யார் வீட்டில் கிடக்கிறதோ. அடுத்த வருடம் அவன் வன்னிக்குப் போய்விட்டான், அடையாள அட்டையும் அவனோடு போயிற்று. உன்னிடமும் இல்லை என்றாய், நீ நாட்டை விட்டு வெளிக்கிடும்போது அவன் அரைக் கழிசான் போட்ட பொடியன். கடைசியாகப் போன கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை, படம் இல்லாட்டி ஆள எப்பிடியம்மா தேடுற என்று கேட்டாள். கெட்ட பிள்ளை இல்லை, வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா, நான் அவனுட படத்தக் கீறுறன் புள்ள, எத்தின கடைக்கு எழுத்து எழுதின கை, எத்தின கோயிலுக்குத் திரைச்சீலை கீறின கை, பெத்த புள்ளையக் கீற ஏலாதா என்று கேட்டார். ஏலவில்லை மகனே.

கோயில் திரையில் முருகனைக் கீறிக் கீறிப் பழகிய கை அது. எதைக் கீறினாலும் முருகனாகத்தான் வருகிறது. தம்பியின் சப்பை மூக்கு கூராகிவிடுகிறது, கண் நீண்டு காதைத் தொடுகிறது, உதட்டில் அந்தச் சாமிச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாலைந்து தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இதுக்குப் பக்கத்துல ஒரு மயிலயும் வையுங்க, கொடியேத்திப் போடுவம் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு தூரிகையை விட்டுவிட்டார். தூரிகையப் புடிச்சா கை பழைய பாதையிலதான் போகுது, கைக்குத் தெரியாத சாமானால செய்து பாக்கிறன் என்றார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடக்கிற கூத்தை என்னவென்று எழுதுவது. சுனாமிக் கொட்டிலில் இருந்து கழற்றி வைத்திருந்த ஒட்டுப்பலகையை எடுத்து அதன்மேல் அரிசிச் சாக்கைப் பிரித்து, தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையால் ஒட்டினார். என்னுடைய மா அரிக்கும் அரிதட்டைக் கொண்டுபோய் வாவிச் சேற்றை அரித்தார். என்னுடைய அம்மியில் சிரட்டைக்கரி அரைத்தார், இப்போது சம்பலெல்லாம் கறுப்பாக இருக்கிறது. மஞ்சள் தூள், சுண்ணாம்பு, கிழிந்த வலைத்துண்டு, பழைய வீடு இருந்த இடத்துக் கடற்கரை மணல், எழுத்து எழுதி மிஞ்சிய பெயின்ற், கண்ணில் படுகிறது எல்லாம் அந்தப் பலகைக்குத்தான். ஒட்டுகிறார், காயவிடுகிறார், மேலே சேறு பூசுகிறார், பிறகு ஆணியை எடுத்துச் சுரண்டுகிறார். ஒட்டினத எதுக்கு மூடுறயள், மூடினத எதுக்குச் சுரண்டுறயள் என்று கேட்டால், அடியில கிடக்கிறது கொஞ்சம் தெரியணும், முழுக்கத் தெரியப்படா, அந்தக் கொஞ்சம் எவ்வளவு எண்டுதான் பாக்கிறன் என்கிறார். விசர்தான் பிடித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வலைத்துண்டுக்கு மேலே சேறு காய்ந்து வெடித்து, அந்த வெடிப்புக்குள்ளே நீலம் தெரிந்தபோது நான் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கடல் வந்து போன பிறகு நம் வளவு கிடந்த கோலம் அதுதான். வெயில் இல்லாததால் பலகையை அடுப்படியில் சாத்தி வைத்துக் காயவைக்கிறார், நான் சோறு ஆக்குவதும் அதற்குப் பக்கத்தில்தான். ஒருமுறை சேற்றைக் கழுவாமல் பூசிவிட்டார். வாவிச் சேறு உப்பு அல்லவா, மழை ஈரத்துக்குக் கருவாடு மாதிரி வேர்த்து வெள்ளை பூத்து, விடிய எழும்பிப் பார்த்தால் பாதி நிலத்தில் கிடக்கிறது. அவர் ஏசவில்லை, கத்தவில்லை, மிச்சத்தையும் தானே சுரண்டி எடுத்துவிட்டுச் சேற்றை நல்ல தண்ணீரில் அலசி அலசி முதலில் இருந்து தொடங்கினார்.

பிறகு ஒருநாள் தம்பியின் சேட்டு வேண்டும் என்று கேட்டார். நீலக் கோடு போட்ட சட்டை, அவன் கொடியில் விட்டுவிட்டுப் போனது, அவன் உடுப்பு என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். தரமாட்டேன் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கத்தி படாம முழுசாப் பதிப்பன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன். அந்த நாளில்தான் மாமா நல்லரத்தினம் வந்தார். தங்கச்சி, உசிரோட இருந்தா இவ்வளவு நாளைக்கு ஒரு சத்தம் வந்திருக்கும், உடம்பு இல்லாட்டியும் தர்ப்பைப் புல்லில உருவம் கட்டி நெருப்புக் குடுக்கலாம், ஐயரிட்டயும் கேட்டுட்டன், அந்தப் புள்ளைய இப்பிடி அலையவிடாத என்றார். என்ட புள்ள செத்தத நீங்க கண்டயளா என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டேன், தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் கூடப்பிறந்தவர், நனைந்துகொண்டே போனார், பாவம். அவரை அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போகிறேன், பலகையில் சேட்டு விரித்தபடி கிடக்கிறது, உள்ளே புல் அடைத்திருக்கிறது. அண்ணனும் நீங்களும் பேசி வைச்சுத்தான் செய்யிறயளா, நான் வேண்டாம் எண்டத என்ட குசினிக்குள்ளயே செய்யிறயளா என்று கத்தினேன், தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா பசைக் கையோடு எழும்பி நின்றார். அது தர்ப்பை இல்ல புள்ள, வைக்கல், சேட்டு தட்டையாக் கிடந்தா மூச்சில்லாத ஆள் மாதிரி இருக்கு, நெஞ்சு கொஞ்சம் எழும்பட்டும் எண்டு வைச்சன் என்றார். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணத்தது, போய் அதை இறக்கி வைத்தேன்.

இப்போது எல்லாம் முடிந்து, கழுத்துக்கு மேலே ஒரு தேங்காய் அளவுக்கு வெறும் சாக்கு கிடக்கிறது. முகத்துக்கு விட்ட இடம். அங்கேதான் உன் படம் வேண்டுமாம். அதைப் பெரிதாக்கி, கிழித்து, ஒட்டி, மேலே சேறும் கரியும் பூசிச் சுரண்டினால் தம்பி வருவானாம், அண்ணனுக்கும் தம்பிக்கும் நெத்தியும் கண்ணும் ஒண்டுதானே என்கிறார். பிள்ளைத்தாய்ச்சியின் புருசன் பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது, இழவு வீட்டுப் படியில் கால் வைக்கக் கூடாது என்று நாங்கள் பார்க்கிறோம். உயிரோடு இருக்கிற உன் முகத்தைக் கிழித்து, எங்கே இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாதவன் கழுத்துக்கு மேலே ஒட்ட நான் விடுவேனா. ஒரு பிள்ளை அந்தப் பலகையில் கிடக்கிறது போதாதா. அதனால்தான் அனுப்பாதே என்று எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் நேற்று நடந்ததையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. படம் ஒண்டும் வேணாம், பெத்தவள் நான் இருக்கிறன், நான் சொல்லச் சொல்ல நீங்க கீறுங்க என்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு பலகைக்கு முன்னால் இருந்துகொண்டேன். அப்பா கரித்துண்டோடு இருந்தார். கண்ணை மூடினேன். அவன் உச்சியில் இருந்த இரட்டைச் சுழி வந்தது, சைக்கிளால் விழுந்த முழங்கால் தழும்பு வந்தது, பசித்தால் படலையில் இருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவானே, அந்தச் சத்தம் வந்தது. முகம் வரவில்லை. வந்தது உன் முகம். தள்ளித் தள்ளிப் பார்த்தேன், திரும்பவும் நீதான் வந்தாய், அவனுடைய குரலில் நீ அம்மா என்று கூப்பிட்டாய். பத்து மாதம் சுமந்து பெற்றவள், அவன் முகம் எனக்கு மறந்துபோயிற்று மகனே. நான் எப்படிப்பட்ட தாய். கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையை ஆட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கரியைக் கீழே வைத்தார். எனக்கும் அப்பிடித்தான் புள்ள, அதாலதான் மூத்தவனுட படத்தக் கேட்டன் என்றார். இவ்வளவு நாளும் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சேறு அரித்திருக்கிறார். நான் அவரை என்னென்ன ஏசியிருக்கிறேன்.

அனுப்பாதே என்று தொடங்கினேன், இப்போது வேறு எதைச் சொல்வேன். அனுப்பு. ஆனால் கிழிக்கவும் ஒட்டவும் விடமாட்டேன், பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கீறட்டும், மூக்கைச் சப்பையாக்கட்டும், உன்னில் இருந்து அவன் எவ்வளவு தூரம் விலகுகிறானோ அவ்வளவு தூரம் மாற்றட்டும், நானும் பக்கத்தில் இருந்து சொல்வேன். முடிந்தவுடன் உன் படத்தை என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வேன். கஜானிக்கு இதொன்றும் இப்போது தெரிய வேண்டாம். மாமாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முகம் வரட்டும். அழுவதென்றாலும் அவனைப் பார்த்து அவனுக்கு அழ வேண்டும், உன் முகத்தை நினைத்துக்கொண்டு அவனுக்கு அழ என்னால் ஏலாது.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று நித்திரையைக் கெடுக்காதே. பிள்ளையாரும் கண்ணகை அம்மனும் உன்னையும் கஜானியையும் வரப்போகும் குஞ்சையும் நூறு வருடம் வாழவைக்க வேண்டும். மறந்துவிடாதே, படத்தின் பின்பக்கத்தில் உதயரூபன் என்று உன் கையால் பெரிதாக எழுதி அனுப்பு. எனக்கு வயது போகிறது. தம்பி என்று நினைத்து ஒருநாள் உன் படத்துக்கு விளக்கு வைத்துவிடப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. சீதேவிப்பிள்ளை