அண்ணையின் கல்வெட்டில் நான் எழுதாமல் விட்டது

எப்போதும் என் பக்கம் நின்ற என் அண்ணைக்கு,

வருகிற மாதம் உங்கள் முதலாம் ஆண்டுத் திவசம். உரும்பிராயில் எல்லோரும் சுகம். உங்கள் பளுதூக்கும் இரும்புகளைத் தரச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நான் கொடுப்பதாயில்லை. ஆனால் உங்கள் மருமகன், என் மகன் ரமணன், என்னைக் கதிகலங்க வைத்துவிட்டான். தகப்பன் போன பிறகு கோப்பாய்ப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் சைக்கிளில் ஏற்றி இறக்கிய அதே பிள்ளைதான்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவன் அந்த நாட்டு இராணுவத்தில் சேர்ந்ததற்கு என்னைவிட நீங்கள்தான் அதிகம் ஏசினீர்கள். பிறகு போனில் அவனோடு மணிக்கணக்காய்க் கதைத்ததும் நீங்கள்தான். போன மாதம் வீடியோ அழைப்பில் அவன் என்னிடம் கேட்டான்:

"அம்மா, ஆமிக்காரருக்கு ஸ்டீரொய்ட் ஊசியை அனுமதிச்சால் என்ன? விளையாட்டிலை போட்டால் அது களவு. எங்களுக்கு இது விளையாட்டே? காயப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடப் பலம் வேணுமெல்லோ?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது, அண்ணை. ஆனாலும் கேட்டேன்: "அனுமதிச்ச பிறகு உன்ரை மேலதிகாரி வந்து 'போடு' எண்டால், மாட்டன் எண்டு சொல்ல உன்னாலை ஏலுமே?"

அவனோ, "மாமான்ரை உடம்பைப் பாருங்கோ" என்று நான் அனுப்பியிருந்த உங்கள் நினைவுப் புத்தகத்தை, அந்தக் கல்வெட்டை, எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தான். அட்டையில் நீங்கள், புஜம் புடைக்க, கையில் வெற்றிக் கிண்ணத்தோடு.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த அந்தப் புத்தகத்தை எழுதியவள் நான். தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் நடுவில் உங்களைப் புகழ்ந்து தள்ளி, "திடீர் மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்" என்று முடித்தேன். எங்கள் ஊரில் யார்தான் கல்வெட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள்? ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து நீங்கள் சொன்னது வேறு.

"எல்லாம் அந்த ஊசியாலை வந்தது. டொக்குத்தர் சொல்லிப்போட்டார். இளம் பெடியள் கேட்டால் ஒளிக்காதை, பிள்ளை."

உங்கள் பேர் கெட்டுவிடும் என்று ஒளித்தேன்.

ரமணன் கல்வெட்டைக் காட்டிய அன்றைக்குத்தான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருடக்கணக்காக நீங்கள் ஊசி போட்டதை, இதயம் வீங்கியதை, கடைசியில் நாலு படி ஏற மூச்சு வாங்கியதை. அவன் அழுதுவிட்டான்.

"ஏனம்மா பொய் எழுதினனீங்கள்? நான் ரெண்டு மாசமா ஊசி போடுறன்."

எனக்கு உயிர் போய் வந்தது. என்னை என்ன செய்தால் தகும்?

மறுநாளே முகாம் டொக்டரிடம் போய்த் தானாகவே சொல்லிவிட்டான். இதயத்தைச் சோதித்தார்களாம், பழுதில்லையாம். விசாரணை நடக்கிறது, வேலை நிலைக்குமோ தெரியாது. போனால் போகட்டும், பிள்ளை இருக்கிறான்.

சாகிற நேரத்தில்கூடத் தன் பெருமையைப் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக எத்தனை பேரால் முடியும்? அதை நீங்கள் சொல்லியிராவிட்டால் அவனை மறிக்க என்னிடம் என்ன இருந்திருக்கும்? எனக்காக நீங்கள் செய்த எல்லாவற்றிலும் இதுதான் பெரிது, அண்ணை.

திவசத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறேன். ஊசியைப் பற்றி எழுதினால் ஊர் சிரிக்கும் என்கிறா பெரியம்மா. சிரிக்கட்டும். ரமணன் மூன்று வரி எழுதி அனுப்பியிருக்கிறான்: "மாமா ஊசி போட்டார். நானும் போட்டேன். அவர் ஒளிக்காததால் நான் இருக்கிறேன்."

அதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
ரமணனின் அம்மா