பைக்கற்றில இருக்கிற என்ர முகம்

கண்டாவளை,
நெல்லு அருவி வெட்டு முடிஞ்ச கிழமை.

அன்புள்ள மருமகன் பிரசாந்தனுக்கு மாமா செல்வநாயகம் எழுதிக்கொள்வது.

பிள்ளையாரின்ர காவலில நீயும் மருமகளும் சின்னவனும் அந்தக் குளிருக்குள்ள சுகமா இருக்கவேணும். நான் சுகமோ எண்டு நீ கேக்கமாட்டாய். அதாலை நானே சொல்லுறன். முழங்கால் ரெண்டும் என்னைக் கேக்காமல் தங்களுக்குள்ள கதைக்குதுகள். மற்றபடி குறையில்லை.

போன் எடுத்தால் நீ எடுக்கிறாயில்லை. உன்ர தங்கச்சி கஜனியின்ர போனில எடுத்தாலும் என்ர குரலைக் கேட்டவுடன வெட்டுப்படுது. கனடாவில கம்பி அறுந்துபோச்சாக்கும் எண்டு முதல் ரெண்டு தரம் யோசிச்சனான். பேந்துதான் விளங்கினது. கடிதத்தை உன்னால வெட்டேலாது. கிழிக்கலாம். கிழிக்க முன்னம் முழுக்க வாசி.

இந்த முறை மழை பிந்தினாலும் வயல் கைவிடேல்லை. மூலை வரம்போட வழமை போல மொட்டைக்கறுப்பன் நெல்லு விதைச்சனான். ஆளுயரத்துக்கு வளந்து, ஒரு காத்துக்கே விழுந்து படுத்திட்டுது, உன்ர மாமாவைப் போல.

அந்த மூலை நெல்லு விக்கிறதுக்கில்லை எண்டு உனக்குத் தெரியும். பிள்ளை பெத்த வீட்டுக்கும், காய்ச்சலில கிடந்து எழும்பினவைக்கும், சீனி வருத்தக்காரருக்கும் கஞ்சிக்கெண்டு துணியில முடிஞ்சு குடுக்கிறது. குடுக்க முன்னம் வருத்தக்காரரை முன்னுக்கு இருத்தி, ஆஸ்பத்திரியில என்ன குளிசை மருந்து தந்தவை, அதை ஒழுங்கா எடுக்கிறியளோ எண்டு கேக்கிறது. ஆள் வராமல் துணி மட்டும் வந்தால் குடுக்கிறேல்லை. பக்கத்துக் காணி மூக்கன் ஒருக்கா, மனிசிக்கு ஏலாது, என்னட்டைத் தாங்கோ எண்டு வந்து நிண்டவன். திருப்பி அனுப்பிப்போட்டன். பிறகு மனிசி கமலாட்சியைச் சைக்கிள் பாரில இருத்தி உழக்கிக்கொண்டு வந்தான். கலியாண ஊர்வலம் எப்ப முடிஞ்சது எண்டு நான் கேட்டதுக்கு, அந்த வருத்தத்திலயும் அவள் எனக்குச் செருப்பைக் காட்டினவள்.

நீ வந்து நிண்ட பொங்கலுக்கு அந்த நெல்லில ஒரு சாக்குக் கேட்டனீ. அங்க எங்கட சனம் சீனி வருத்தத்தால படுற பாட்டைச் சொல்லிக் கண் கலங்கினனீ. நான் விதைக்கெண்டு வைச்சதிலயும் அள்ளித் தந்தனான். பேந்து என்னை வெள்ளை வேட்டி கட்டச் சொன்னனீ. விபூதியை மூண்டு குறியாப் பூசச் சொன்னனீ. வரம்பில நிப்பாட்டி வைச்சு, போனில வீடியோ எடுத்துக்கொண்டு, "மாமா, வழமையாக் கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ" எண்டனீ. நான் வழமையாக் கதைக்கிறது எப்பிடியெண்டு உனக்குத் தெரியாதோ?

நான் சொன்னதில ஒரு சொல்லும் மறக்கேல்லை. "இந்தக் கஞ்சியைக் குடியுங்கோ, ஆஸ்பத்திரிக் குளிசையைத் தூக்கி எறியுங்கோ. எறிஞ்சால் அடுத்த மாசம் உங்களையும் நாலு பேர் தூக்குவினம்." அருவி வெட்டுக்கு வந்து நிண்ட சனமெல்லாம் சிரிச்சது. நீயும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சனீ.

அதின்ர முதல் பாதியை வைச்சுக்கொண்டு மற்றப் பாதியை வெட்டி எறிஞ்சிருக்கிறாய். உன்ர அரிசி விளம்பரத்தைக் கஜனி போனில காட்டினவள். வேட்டியும் விபூதியுமா நிண்டு, குளிசையைத் தூக்கி எறியுங்கோ எண்டு நான் சொல்லுறன். பின்னால வீணை வாசிக்குது. எங்கட வயலில ஆரடா வீணை வாசிச்சது?

அதைக் கேக்கத்தான் உனக்கு முதல் போன் எடுத்தனான். "மாமா, இது வியாபாரம். முழுக்கப் போட்டால் ஆர் வாங்குவினம்? உங்களுக்கு விளங்காது" எண்டு சொல்லிப்போட்டு வைச்சனீ. அதுக்குப் பிறகு உன்ர குரலைக் கேக்கேல்லை.

என்ர முகம் போட்ட உன்ர மருந்தரிசிப் பைக்கற்றை நான் கண்டது பூநகரியில, என்ர தங்கச்சி, உன்ர கொம்மாவின்ர குசினியில. ஊருக்கு வந்த ஆரிட்டையோ நீ குடுத்துவிட்டதாம். கண்டாவளையில விளைஞ்சதெண்டு எழுதியிருக்கிற அரிசி, கனடாவைச் சுத்திப் பாத்துப்போட்டுப் பூநகரியில வந்து இறங்கியிருக்கு. நான் இன்னும் பிளேன் ஏறேல்லை, என்ர முகம் ஏறிப்போட்டுது. ஒரு சுண்டு அளந்து போட்டுக் காய்ச்சிப் பாத்தன். அது மொட்டைக்கறுப்பன் இல்லை, ஏதோ கடைச் சிவப்பரிசி. மூலை வயலில விளையிற நெல்லு ஊர் உலகத்துக்கெல்லாம் பைக்கற் போடப் போதுமோ? அதைக்கூட நான் பொறுத்திருப்பன்.

இனி எழுதப்போறதை எழுதக்கூடாதெண்டு கொம்மா என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் வாங்கினவள். இந்தக் கடிதத்தோட அந்தச் சத்தியம் முறியுது. என்ர தலைதானே, மயிரும் இல்லை, போனால் போகட்டும்.

கொம்மா கடற்கரையில மட்டிச் சிப்பி ஓட்டை மிதிச்சவள். சின்னக் காயம்தான், ஆறேல்லை. கஜனி அழுதுகொண்டு போன் எடுத்த பிறகுதான் நான் பஸ் பிடிச்சுப் போனது. போய்ப் பாத்தால் கால் கறுத்துக் கிடக்கு. உன்ர பைக்கற் வந்த நாளில இருந்து அவள் சீனிக் குளிசை எடுக்கேல்லை. குளிசைப் பையை அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டு, மூண்டு நேரமும் உன்ர அரிசிச் சோறு. மருந்துதானே எண்டு வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துப்போட்டினம். பாதத்தைப் பற்றி டொக்டர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. உன்னோட கதைக்கேக்க, குசினியில நிக்கிறன், பிறகு எடு தம்பி எண்டு சொல்லுறாளே, அது ஆஸ்பத்திரி வாட்டுக் கட்டிலில கிடந்துகொண்டு சொல்லுறது.

நான் ஏசினனான். பிறந்த நாளில இருந்து என்ர வாயைத் தெரிஞ்சவள் நீ, எது பகிடி எண்டு உனக்குத் தெரியாதோ எண்டு கேட்டனான். அவள் சொன்னாள்: "அண்ணை, நீங்கள் விபூதி பூசிக்கொண்டு பகிடி விடமாட்டியள் எண்டு நினைச்சன். அதோட, என்ர பிள்ளை அனுப்பினதல்லோ."

நான் அலுமாரியைத் திறந்து குளிசைப் பையை எடுத்துக்கொண்டு வந்தன்.

பிரசாந்தன், என்ர வாயை இந்த ஊரில ஒருத்தரும் நம்பிறேல்லை. அதில எனக்குப் பெருமைதான். ஆரும் நம்பாத வாயை நம்பவைச்சு வித்தது நீ. இடம்பெயர்ந்து திரிஞ்ச நாளில உன்னைத் தோளில வைச்சுக்கொண்டு நடந்தனான், அதைச் சொல்லிக் காட்டக்கூடாதெண்டு இருந்தனான். சொல்ல வைச்சிட்டாய். வேற ஆரும் இதைச் செய்திருந்தால் வழக்கு வைச்சிருப்பன், இல்லாட்டி வாசலில போய் நிண்டு கத்தியிருப்பன். உன்ர வாசல் எந்தப் பக்கமெண்டும் எனக்குத் தெரியாது.

முந்தநாள் வாட்டுக்குப் போனனான். பக்கத்துக் கட்டிலில ஓமந்தைப் பக்கத்து மனிசி ஒருத்தி, அருந்ததி எண்டு பேர். அவவுக்கும் சீனிதான். கொம்மா கட்டுப்போட்ட காலைத் தலாணியில தூக்கி வைச்சுக்கொண்டு அவவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "என்ர மகன் கனடாவில மருந்தரிசி விக்கிறவன். அரிசி நல்ல வேலை செய்தது பிள்ளை, நான் இடையில மட்டியை மிதிச்சதாலதான் இப்பிடி." அருந்ததியின்ர மகள் உடன போனில தேடி உன்ர வீடியோவை எடுத்திட்டாள். போனைப் பாத்தாள், என்னைப் பாத்தாள். எழும்பி நிண்டு கும்பிட்டாள்.

நான் பதறிப்போய் மற்றப் பாதியைச் சொன்னனான். குளிசையை விட்டால் நாலு பேர் தூக்குவினம் பிள்ளை எண்டனான். தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கினம். ஐயா நல்ல பகிடிக்காரன் எண்டு கொம்மாவுக்குச் சொல்லுகினம்.

அந்த வீடியோவை எடுத்துப்போடு ராசா. கடிதத்தை மடிச்சு வைக்க முன்னம் எடு. பேந்து உன்ர முகத்தைக் காட்டி, அரிசி சாப்பாடுதான், குளிசையை விடாதேங்கோ எண்டு நீயே சொல்லு. நான் சொன்னால் சனம் சிரிக்குது. வியாபாரம் படுத்தால் படுக்கட்டும்.

நான் எழுதினதெண்டு கொம்மாவுக்குச் சொல்லாத. லீவு கிடைச்சு வந்தனான் எண்டு சொல்லிக்கொண்டு கட்டிலடியில வந்து நில். பொய் சொல்ல உனக்குப் பழக்கித்தரத் தேவையில்லை.

உன்னைத் திட்டி முடிக்கத்தான் இந்தத் தாளை எடுத்தனான். ஒவ்வொரு திட்டுக்கும் அவளின்ர முகம் குறுக்க வந்து நிக்குது. நீ நல்லா இரு. உன்ர பிள்ளை உன்னை நம்பி வளரட்டும். அவள் உன்னைக் கண்டவுடன கட்டிலால இறங்கப் பாப்பாள். அப்ப ஊண்டிறதுக்கு அவளுக்கு ரெண்டு பாதமும் இருக்கவேணும். அதுக்குள்ள வந்திடு.

உனக்குக் கோபம் வந்தாலும் மாமாவாவே இருக்கிற,
செல்வநாயகம்.