சுடுதண்ணிப் படிப்பு

பிரிசில்லா அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். அஞ்சல்வழி பி.எஸ்சி.யில் வெப்ப இயக்கவியல் தாளில் நான் இரண்டாம் முறை தோற்றபோது, "அப்டின்னா இன்னாடி? சுடுதண்ணி வைக்க ஒரு படிப்பா?" என்று மஸ்கட்டிலிருந்து கேட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்த்த மாமல்லபுரத்து ஓட்டல் சலவைக்கூடத்தில், கொதிகலனில் தண்ணீர் வற்றியது தெரியாமல் பர்னர் எரிந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் தண்ணீர் வால்வைத் திறக்க ஓடினார்.

"வோணாம் சார்! காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா அம்புட்டும் ஒரே நொடியில ஆவியாயி வெடிச்சிரும்!"

"நீ இன்னா இன்ஜினியரா? தள்ளு!"

நான் நகரவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டு பர்னரை அணைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்களையும் வெளியே துரத்தினேன்.

மறுநாள் வந்த மெக்கானிக் நான் செய்ததே சரி என்றார். ஆனாலும் சூப்பர்வைசர் மேல் கைவைத்தேன் என்று என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்திகூட எனக்காகச் சாட்சி சொல்லவில்லை.

பர்னரை அணைக்கையில் சூட்டுக் குழாயில் பட்டு வெந்த வலது கை ஆறிவிடும், அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். நான் சொல்லச் சொல்ல பிரிசில்லாதான் இதை எழுதி, படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறாள்.

சூடு எங்கிருந்து எங்கே போகும், போகிற வழியில் என்ன வேலை செய்யும், எவ்வளவு வீணாகும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் வெப்ப இயக்கவியல். சனிக்கிழமை செங்கல்பட்டில் மூன்றாம் முறை எழுதப் போகிறேன். இந்தக் கையோடு எழுத முடியாததால், பரீட்சையில் எனக்காக எழுத ஓர் ஆள் கேட்டு மனு கொடுத்தாயிற்று. வேண்டாம் என்று சொல்வதற்காக மட்டும் போன் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி